டாமி பிக்கிள்ஸின் இரண்டு தாத்தாக்கள்: சிறுவர் தொலைக்காட்சியில் யூதக் கதாபாத்திரங்கள்

1995 ஏப்ரலில் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் 'ரக்ரேட்ஸ்' கார்ட்டூனின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்துக்காக மகள் குடும்பம் போரிஸ் தாத்தா, மிங்கா பாட்டி வீட்டுக்கு வருகிறது. வந்த இடத்தில் ஒயின் கோப்பைகளை வைத்துத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சண்டை. கோபித்துக்கொண்ட தாத்தா மேலே பரண் அறைக்குப் போய்விடுகிறார். அவரைத் தேடிப் போன குழந்தைகளும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள், கதவு திறக்கவில்லை. சரி, இருக்கும் நேரத்துக்கு ஒரு கதை சொல்வோம் என்று தாத்தா ஆரம்பிக்கிறார். எகிப்தில் அடிமைகளாக இருந்த எபிரேயர்களை மோசே மீட்டுக்கொண்டு வந்த கதை அது. கேட்கும் பிள்ளைகளின் கற்பனையில், டயப்பர் கட்டிய பேரன் டாமி மோசே ஆகிவிடுகிறான். எல்லோரையும் அதட்டி வேலை வாங்கும் ஆஞ்சலிகாதான் எகிப்து அரசன் பார்வோன்.

பாஸ்கா, மோசே, பார்வோன் என்ற பெயர்கள் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே பழகியவை. மற்றவர்களுக்கு இது ஒரு பழைய விடுதலைக் கதை என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

அரை மணி நேரக் கார்ட்டூன்தான். ஆனால் சிறுவர் தொலைக்காட்சியில் யூத அடையாளம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த அத்தியாயத்தின் பெயர் முதலில் வருகிறது. அதற்கான காரணத்தைப் பார்ப்பதற்கு முன் அடிப்படையான ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பென்சிலால் வரைந்த ஒரு குழந்தை யூதக் குழந்தை என்றால் அதற்கு என்ன பொருள்?

மதமா, மக்களா?

நம்மில் பலர் 'யூதர்' என்றதும் ஒரு மதத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் நினைக்கிறோம். அது பாதி சரி. யூத மதம் என்று ஒன்று உண்டு. அதற்கு வேதம், நோன்பு, தொழுகைக்கூடம், ரபி என்று அழைக்கப்படும் குரு எல்லாம் உண்டு. ஆனால் தொழுகைக்கூடத்தின் பக்கமே போகாத, கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவரும் தன்னை யூதர் என்று சொல்லிக்கொள்வார். மற்ற யூதர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஏனென்றால் அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரும்கூட. வம்சம், நினைவு, மொழி, சமையல் ஆகியவற்றால் சேர்ந்த கூட்டம் அது. வெளியிலிருந்து மதம் மாறி வந்து சேரவும் வழி உண்டு.

மரபான யூதச் சட்டப்படி தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர். தந்தை வழியாக மட்டும் வந்தால் பழைய சட்டம் ஏற்காது. அமெரிக்காவின் சீர்திருத்த யூதப் பிரிவு 1983ல் இதை மாற்றியது. பெற்றோரில் யார் யூதராக இருந்தாலும் பிள்ளை யூதராக வளர்க்கப்பட்டால் போதும் என்றது. இது ஏதோ சட்ட நுணுக்கம்போலத் தோன்றலாம். ஆனால் டாமியைப் புரிந்துகொள்ள இது அவசியம்.

டாமியின் அம்மா டீடி யூதர். போரிஸும் மிங்காவும் அவளுடைய பெற்றோர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். அந்த ஊர் உச்சரிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்பா ஸ்டூ கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். ஸ்டூவின் அப்பா லூ தாத்தா. இந்தக் கார்ட்டூனில் 1992ல் ஒரு கிறிஸ்துமஸ் அத்தியாயமும் வந்தது. பழைய சட்டம், புதிய சட்டம் எதை வைத்துப் பார்த்தாலும் டாமி யூதன்தான். ஆனால் அவனுக்கு இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் உண்டு, இரண்டு பக்கத்துப் பண்டிகைகளும் உண்டு.

அன்றைய அமெரிக்காவில் இது நிஜமான குடும்பம். 1990ல் நடந்த தேசிய யூத மக்கள்தொகை ஆய்வு, அண்மையில் திருமணம் செய்த யூதர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேற்று மதத்தவரை மணந்ததாகச் சொன்னது. அந்த எண் சரிதானா என்று பிறகு நிறைய விவாதம் நடந்தது. எப்படியிருந்தாலும் அந்த நேரத்தில் அது யூத சமூகத்தை உலுக்கியது. நம் பிள்ளைகள் யூதர்களாக இருப்பார்களா என்ற கவலை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. அந்தக் கவலைக்குள்ளிருந்துதான் ஒரு கார்ட்டூன் தாத்தா பேரனுக்குக் கதை சொல்லத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன்.

சொல்லாமல் சொல்வது

அதற்கு முன்னால் சிறுவர் நிகழ்ச்சிகளில் யூதர்களே இல்லையா? இருந்தார்கள், ஆனால் அப்படிச் சொல்லப்படவில்லை. எழுதியவர்களில் யூதர்கள் உண்டு, நடித்தவர்களிலும் உண்டு. திரையில் மட்டும் அந்தச் சொல் வராது.

'செசமி ஸ்ட்ரீட்' 1969ல் தொடங்கியபோது அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர் மிஸ்டர் ஹூப்பர். பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை அவர் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அந்த வேடத்தில் நடித்த வில் லீ யூதர். ஆனால் மிஸ்டர் ஹூப்பர் யார், என்ன என்று யாரும் சொல்லவில்லை. 1978ல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் பாப் என்ற பாத்திரம் போகிற போக்கில் அவருக்கு ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்கிறது. அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் தினமும் பார்த்த கடைக்காரர் யூதர் என்பது அந்த ஒற்றை வாழ்த்தில் தெரிந்தது. 1982 டிசம்பரில் வில் லீ காலமானார். அடுத்த ஆண்டு மிஸ்டர் ஹூப்பரும் இறந்துவிட்டதாக நிகழ்ச்சியிலேயே குழந்தைகளுக்குச் சொன்னார்கள். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்த ஒற்றை வாழ்த்தைப் போன்றதைக் 'குறிப்பு' என்று சொல்லலாம். நம் சங்கப் பாட்டில் யானையையும் வாழையையும் பாடிவிட்டு உள்ளே தலைவன் தலைவியைப் பற்றிச் சொல்வார்களே, உள்ளுறை என்று, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அது வெறும் வாழ்த்து, அல்லது வெறும் பெயர். டிஸ்னியின் 'பினியாஸ் அண்ட் ஃபெர்ப்' கார்ட்டூனில் எதிர்வீட்டுப் பெண் இசபெல்லாவின் முழுப் பெயர் இசபெல்லா கார்சியா-ஷப்பிரோ. கார்சியா ஸ்பானியப் பெயர், ஷப்பிரோ கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர். அந்தச் சிறு கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு குடும்பத்தின் கதை முழுதும் இருக்கிறது. ஷப்பிரோ என்று ஒரு மாமா இருக்கும் பிள்ளை அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும். மற்றப் பிள்ளைகள் கவனிக்காமல் போவார்கள்.

குறிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குறிப்பு மட்டுமே இருந்தால், 'நாம் யார் என்பதை மெல்லத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது' என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் யூதர்கள் மிகச் சிறிய கூட்டம். பியூ ஆய்வு மையம் 2020ல் எடுத்த கணக்குப்படி வயது வந்தவர்களில் 2.4 சதவீதம். பல ஊர்களில் ஒரு வகுப்பில் ஒரே ஒரு யூதப் பிள்ளை இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அப்படியிருக்க, அந்தப் பிள்ளையின் நண்பர்களுக்கு யூதர் என்றால் யார் என்று முதலில் காட்டுவது பல சமயம் தொலைக்காட்சிதான்.

டிசம்பரில் மட்டும் வரும் விருந்தாளி

குறிப்புக்கு அடுத்தபடி பண்டிகை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் யூதப் பண்டிகை என்றால் அது ஹனுக்காதான்.

ஹனுக்கா எட்டு நாள் விளக்குத் திருநாள். கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், கிரேக்க வழி வந்த அந்தியோக்கு அரசன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் என்ற குடும்பத்தார் போராடி ஆலயத்தை மீட்டார்கள். விளக்கேற்ற ஒரு நாளுக்கு மட்டுமே தூய எண்ணெய் இருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்பது மரபு. அதனால் இரவுக்கு ஒன்றாகத் திரியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்த விளக்குத்தண்டில் ஒன்பது இடம் இருக்கும். எட்டு இரவுகளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்ற ஒன்று. எண்ணெயின் நினைவாக எண்ணெயில் பொரித்தவற்றைச் சாப்பிடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய வழி வந்த வீடுகளில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட லாட்கே.

அழகான பண்டிகைதான். ஆனால் யூத நாட்காட்டியில் இது சிறிய பண்டிகை. மோசேயின் ஐந்து நூல்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாஸ்காவும், யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்பு நாளும் இதைவிடப் பல மடங்கு பெரியவை. ஹனுக்கா திரையில் பெரிதாகத் தெரிவதற்கு அது கிறிஸ்துமஸை ஒட்டி வருவதுதான் காரணம். ஊரெல்லாம் மரமும் பரிசுமாக இருக்கும்போது 'உங்களுக்கும் ஒன்று இருக்கிறதல்லவா?' என்று கேட்டு ஓர் இடம் கொடுப்பார்கள். அன்போடு கொடுத்த இடம்தான், ஆனால் அதன் அளவு கிறிஸ்துமஸை வைத்து வெட்டப்பட்டது. டிசம்பர் முடிந்ததும் விளக்கை எடுத்து வைத்துவிட்டால் அந்தப் பாத்திரம் மற்ற பதினோரு மாதமும் வேறு யாரோ ஆகிவிடும்.

'ரக்ரேட்ஸ்' குழுவிடமும் சேனல் முதலில் கேட்டது ஹனுக்கா நிகழ்ச்சியைத்தான். எழுதியவர்கள் பாஸ்காவை எடுக்கலாம் என்றார்கள், கதை அதில்தான் இருக்கிறது என்று. அந்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கிறிஸ்துமஸோடு ஒப்பிட எதுவுமே இல்லாத ஏப்ரல் மாதத்தில், யூதக் குடும்பம் தன் சொந்தக் காரணத்துக்காகத் திரையில் கூடியது. ஹனுக்கா அத்தியாயம் அதற்குப் பிறகு, 1996 டிசம்பரில் வந்தது. தொழுகைக்கூட நாடகத்தில் போரிஸ் தாத்தா நடிக்கிறார். ஹனுக்காவின் 'மீனிங்', அதாவது பொருள், என்று பெரியவர்கள் சொல்வதைக் குழந்தைகள் 'மீனி', அதாவது கெட்டவன், என்று கேட்டுவிட்டு அந்தக் கெட்டவனைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். தாத்தாவின் பழைய போட்டியாளரான ஷ்லோமோதான் அந்த மீனி என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டதா? இல்லை. போரிஸும் மிங்காவும் வரையப்பட்ட விதம் பழைய யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களை நினைவூட்டுகிறது என்று, யூத விரோதத்தை எதிர்த்து இயங்கும் ஏடிஎல் அமைப்பு கண்டித்தது. 1998ல் இந்தக் கார்ட்டூனின் செய்தித்தாள் படக்கதை ஒன்றில், இறந்தோருக்கான பிரார்த்தனையைப் போரிஸ் சொல்வதாக வந்தபோது எதிர்ப்பு மறுபடி எழுந்து, நிக்கலோடியன் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கார்ட்டூனில் எல்லோர் மூக்கும் தலையும் கோணல்மாணல்தான், யூதத் தாத்தாவை மட்டும் தனியாகக் குறிவைக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனாலும் ஒரு மூக்கை வரைந்து காட்டியே ஒரு மக்களை அழிக்கத் தூண்டிய வரலாறு ஐரோப்பாவில் இருக்கும்போது, அந்தக் கோடு சிலருக்கு வலிக்கும். அந்த வலியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. போரிஸ் தாத்தாவையும் எனக்குப் பிடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தியம்.

சாதாரண நாட்களும் மற்ற வீடுகளும்

நல்ல யூதப் பாத்திரத்துக்கு என் அளவுகோல் எளிது. பண்டிகை இல்லாத நாளில் அந்தப் பாத்திரம் யார்? பண்டிகை வந்தால் அது அந்தப் பிள்ளையின் சொந்தப் பிரச்சினையாகிறதா?

'ஆர்தர்' என்ற நிகழ்ச்சி 1996 முதல் 2022 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஓடியது. பாத்திரங்கள் எல்லாம் விலங்குகள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அதில் ஃபிரான்சைன் என்ற பெண் கால்பந்து ஆடுவாள், டிரம்ஸ் வாசிப்பாள், தோற்றால் கத்துவாள். அவள் யூதர். 2000ல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்பில், பணக்காரத் தோழி மஃபி தன் விருந்துக்கு அழைக்கிறாள், அன்று ஃபிரான்சைன் வீட்டில் ஹனுக்கா. வர முடியாது என்றால் மஃபிக்குப் புரியவில்லை, இருவருக்கும் சண்டை. பண்டிகை என்ன என்று விளக்கும் பாடமாக இல்லாமல், உன் நாளை நான் மதிக்கிறேன், என் நாளை நீ ஏன் மதிக்கவில்லை என்ற நட்பின் கேள்வியாக அது மாறுகிறது.

வேறோர் அத்தியாயத்தில் ஃபிரான்சைன் யோம் கிப்பூர் நோன்பு இருந்து பார்க்கிறாள். சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம், தண்ணீர்கூட இல்லை. மரபுப்படி பெண்ணுக்கு 12, பையனுக்கு 13 வயதானால்தான் அது கடமை. எட்டு வயதுக்காரிக்கு அது கட்டாயமே இல்லை. பெரியவளாக வேண்டும் என்ற ஆசையில் தானாக முயல்கிறாள், நண்பர்கள் பீட்சாவோடு நிற்கிறார்கள். ரமலான் நோன்பை அரை நாளாவது பிடிப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த அத்தியாயத்துக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

பையன்களுக்கு அந்த 13 வயதுதான் பார் மிட்ஸ்வா. தொழுகைக்கூடத்தில் எல்லோர் முன்னும் தோராவை, அதாவது மோசேயின் நூல்களை, எபிரேய மொழியில் வாசித்து, இனி கட்டளைகளுக்குத் தானே பொறுப்பு என்று ஏற்கும் நாள். 'ஹே ஆர்னால்ட்' கார்ட்டூனில் மற்றப் பிள்ளைகளை மிரட்டித் திரியும் ஹரால்டுக்கு அந்த நாள் வருகிறது. 'கிம் பாசிபிள்' கார்ட்டூனின் ரான், தன் பார் மிட்ஸ்வா சான்றிதழில் ரபி கையெழுத்துப் போடவே இல்லை என்று பின்னாளில் கண்டுபிடித்து, அப்படியானால் நான் ஆண்மகன் இல்லையா என்று பதறுகிறான். சிரிக்க வைக்கும் கதை. உள்ளே இருக்கும் பயம் எந்த வீட்டுப் பையனுக்கும் உரியது.

இதுவரை சொன்ன பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரே வகையான வீடுதான் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர் வீடு, அவர்களுடைய இத்திஷ் மொழிச் சொற்கள், லாட்கே. உலகில் வேறு யூதர்களும் உண்டு. 1492ல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியபோது அவர்கள் பழைய ஸ்பானிய மொழியைத் தங்களோடு எடுத்துப் போனார்கள். அந்த மொழி லதீனோ, அவர்கள் செபார்டி யூதர்கள். 2019 டிசம்பரில் டிஸ்னியின் 'எலினா ஆஃப் அவலோர்' தொடரில் ரெபேகா என்ற இளவரசி, கப்பல் உடைந்து, பாட்டியோடு அவலோர் கரையில் ஒதுங்குகிறாள். அவள் செபார்டி வழி வந்தவள். டிஸ்னி வரைந்த முதல் யூத இளவரசி என்று பேசப்பட்டாள். அந்த வழி வந்த குடும்பங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவள் வந்தது ஹனுக்காவுக்குத்தான், அதுவும் விருந்தாளியாக.

அதற்குப் பிறகு வந்தவை இன்னும் ஒரு படி இயல்பாக இருக்கின்றன. 2021ல் தொடங்கிய 'தி கோஸ்ட் ஆஃப் மாலி மெகீ' தொடரில் மாலியின் நெருங்கிய தோழி லிபி ஸ்டைன்-டோரஸ். 2023ல் வந்த 'மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர்' தொடரில் தோழி கேசி, புவேர்ட்டோ ரிக்கோ வழி வந்த யூதப் பெண். இவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள், கதாநாயகியோடு ஊர் சுற்றுகிறார்கள், யூதராகவும் இருக்கிறார்கள். கதாநாயகியே யூதப் பெண்ணாக இருப்பது இன்னும் அரிதுதான்.

மறுபடி பரண் அறைக்கு

பாஸ்கா இரவின் விருந்துக்கு சேடர் என்று பெயர். புளிக்காத அப்பம், கசப்புக் கீரை, ஒயின் எல்லாம் மேசையில் இருக்கும். ஹகாடா என்ற சிறு நூலை வைத்து, சாப்பிடுவதற்கு முன் விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர்கள் தாங்களாகத் தொடங்க மாட்டார்கள். வீட்டிலேயே சிறிய பிள்ளை எழுந்து கேட்க வேண்டும், மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்று. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கதை.

அதே ஹகாடாவில் நான்கு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கும். அறிவுள்ள பிள்ளை, முரட்டுப் பிள்ளை, வெகுளிப் பிள்ளை. நான்காவது, கேட்கத் தெரியாத பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேள்விக்காகக் காத்திருக்காதே, நீயே தொடங்கிச் சொல் என்கிறது நூல்.

'ரக்ரேட்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும், டாமியும் அவன் வயதுக் குழந்தைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பெரியவர்களோடு அவர்களுக்கு இன்னும் பேச்சு வராது. அன்று பரண் அறையில் டாமியால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. போரிஸ் தாத்தா காத்திருக்கவில்லை. அவரே தொடங்கினார்.